தப்புத்தாங்க தொரே

கோர்ட்டில் மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவனுக்கு வாய்க்குத்தான் சம்பளம்; ஆனால் அந்த வாயில் சொந்தப் பேச்சு மட்டும் வரக்கூடாது. இந்தக் கஷ்டம் உங்களுக்குத் தெரியாதது இல்லை. அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய், அவள் வலியை டாக்டருக்கும் டாக்டரின் எரிச்சலை அவளுக்கும் மாற்றி மாற்றிச் சொல்லி, கடைசியில் இரண்டு பேரிடமும் திட்டு வாங்கியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். அதையே காலை முதல் மாலை வரை கோட்டுப் போட்டுக்கொண்டு செய்வதுதான் என் உத்தியோகமாக இருந்தது.

நான் சூசை. கல்லுமலைத் தோட்டத்தில், தொழிலாளிகளின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். மிஷன் பள்ளிக்கூடத்துச் சாமியார் ஒருவர் பிரம்பும் கையுமாக எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்தார். நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்த கொஞ்ச காலத்தில், தேயிலை மலைகளுக்கு நடுவே இருந்த ஒரு சின்ன டவுனின் கோர்ட்டில் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே நிரந்தர மொழிபெயர்ப்பாளர் செல்லையா என்ற யாழ்ப்பாணத்துக்காரர். தோட்டத்துச் சனம் பேசுவது அவருக்குப் பிடிபடாது. அவர் பேசுவது சனத்துக்குப் பிடிபடாது. அதனால் தோட்டத்து வழக்குகளுக்கு மட்டும் என்னைத் தினக்கூலிக்குத் தற்காலிகமாக எடுத்தார்கள். தலை நரைக்கும் வரை அந்தத் தற்காலிகம் நீடித்தது.

எல்லா வழக்கிலும் ஏறி நின்றவர்

எங்கள் தொழிலில் ஒரு விதி உண்டு. சாட்சி சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். "அவன் வெட்டினானாம்" என்று ஒதுங்கி நின்று சொல்லக்கூடாது. "நான் வெட்டினேன்" என்றுதான் சொல்ல வேண்டும். ஆகவே ஒரு சாதாரணத் திங்கட்கிழமையில், கோர்ட் கூடியதும் நான் ஒரு கோழியைத் திருடியிருப்பேன். அடுத்து தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தியால் மச்சானின் தோளில் வெட்டியிருப்பேன். சாப்பாட்டு நேரத்துக்குள் கசிப்பு என்ற கள்ளச்சாராயம் காய்ச்சிப் பிடிபட்டும் இருப்பேன். பெண்ணாகவும் இருந்திருக்கிறேன். புருஷன் என்னை அடித்த கதையை, மீசையை வைத்துக்கொண்டு, முகம் மாறாமல் சொல்லியிருக்கிறேன்.

ஒருநாள் நோர்வூட் பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா, மகனுடைய வழக்குக்காக வந்து காலை முழுக்க வாங்கில் உட்கார்ந்திருந்தார். இங்கிலீஷ் தெரியாது. ஒவ்வொரு வழக்கிலும் நான் எழுந்து நீதவானுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பதையும், நீதவான் என்னைப் பார்த்தே முகத்தைச் சுளிப்பதையும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். இடைவேளையில் நான் தாண்டிப் போகும்போது, பக்கத்தில் இருந்தவளிடம் அவர் சொன்னது காதில் விழுந்தது.

"பாவம்டி இந்த மனுசன். காலைலருந்து எல்லாக் கேசுலயும் இவருதான் ஏறி நிக்கிறாரு. இவருக்குன்னு பேச வீட்டுல ஒரு ஆளு இல்லையா?"

அப்பாஸ் நானாவின் கேள்வி

வீட்டில் ஆள் இல்லை என்பது உண்மைதான். வீடே இல்லை. அப்பாஸ் நானாவின் தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்திருந்தேன். அப்பாவும் அம்மாவும் கல்லுமலைச் சேமக்காலையில் மண்ணுக்குள் இருந்தார்கள். ஒரே தம்பி, இந்தியக் கடவுச்சீட்டு எடுத்துக்கொண்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு திருச்சிப் பக்கம் போய்விட்டான். முதலில் மாதம் ஒரு கடிதம் வந்தது. அப்புறம் கிறிஸ்மசுக்கு மட்டும் வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது.

டவுனில் என்னோடு உட்கார்ந்து பேச யாரும் கிடையாது. தோட்டத்து ஆட்கள் என்னைக் கண்டால் எழுந்து நிற்பார்கள். நான் போனபிறகுதான் உட்காருவார்கள். நான் வந்து நின்றால் ஏதோ வழக்கு வந்து நிற்கிற மாதிரி அவர்களுக்கு. கோர்ட்டு உத்தியோகத்தர்களோ, உள்ளே ஒன்றாகச் சாப்பிடுவார்கள். என்னை வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை, வா என்றும் சொன்னதில்லை. பின்பக்கத்து விறாந்தையில், மழையைப் பார்த்தபடி என் சோற்றுப் பொட்டலத்தை அவிழ்ப்பேன். சில நாள் மாலையில் அறைக்கு வந்து யோசித்தால், அன்று முழுக்க வாய் ஓயாமல் பேசியிருப்பேன், எனக்காக ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டேன். அந்தத் தனிமை பழகிவிட்டது என்று சொன்னால் அது பொய்.

இதற்கு நடுவில் ஒரு பயமும் இருந்தது. தோட்டத்துச் சனத்துக்குக் குடியுரிமை இல்லை என்று சட்டம் வந்திருந்தது. தான் இங்கே பிறந்தது போதாது, அப்பன் பிறந்ததற்கும் அத்தாட்சி கேட்டார்கள். நானும் விண்ணப்பம் போட்டு, அது திரும்பி வந்து, மறுபடியும் போட்டுவிட்டுக் காத்திருந்தேன். பிரஜை அல்லாதவனைக் கோர்ட்டில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று உத்தரவு இருந்தது. தினக்கூலிக்காரன்தானே என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டுவிடக்கூடாதே என்று நான் தினமும் ஜெபம் செய்தேன். அந்த வேலை போனால், மற்றவர்களுடைய பேச்சுகூட எனக்குக் கிடையாது. இதெல்லாம் தெரியாத அப்பாஸ் நானா, நான் கடைக்குள் நுழைந்ததும் தேத்தண்ணியை ஆற்றிக்கொண்டே தினமும் ஒரே பகிடியை விடுவார்.

"இன்னைக்கு என்னா குத்தம் செஞ்சீங்க, சூசை ஐயா?"

பெரட்டுக்களத்துப் பழக்கம்

தோட்டத்தில் காலையில் பெரட்டு நடக்கும். பனியில் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். கங்காணி பெயர் கூப்பிட, தோட்டத்தை நடத்தும் தொரை ஆளுக்கு ஆள் வேலை பிரிப்பார். அன்றைய வேலைக்குச் சேர்த்துக்கொண்டால் "பேர் போட்டாச்சு" என்பார்கள். தொரைக்கு யார் மேலாவது கோபம் வந்தால் ஏன், எதற்கு என்றெல்லாம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. தலைத்துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு "தப்புத்தாங்க தொரே" என்று சொல்லிவிட வேண்டும். செய்தவனும் அதையே சொல்லுவான், செய்யாதவனும் அதையே சொல்லுவான். தொரை ஒரு கத்துக் கத்திவிட்டுப் பேர் போட்டுவிடுவார். குழந்தையிலிருந்தே பார்த்துப் பழகியது. என் அப்பாவும் சொல்லியிருக்கிறார்.

இப்போது எங்கள் கோர்ட்டை நினைத்துப் பாருங்கள். அதுவும் காலையில்தான் கூடும். அங்கேயும் வரிசை. அங்கேயும் பெயர் கூப்பிடுகிறார்கள். உயரத்தில் கோட்டுப் போட்ட ஒருவர் கோபமாக உட்கார்ந்திருக்கிறார். சின்னச்சாமி என்ற தொழிலாளி மேல் தோட்டத்து மரத்தை வெட்டியதாக வழக்கு. குற்றப்பத்திரத்தை நான் தமிழில் சொல்லி முடிப்பதற்குள் அவர் துண்டைக் கக்கத்தில் வைத்தார். "தப்புத்தாங்க தொரே." நான் அதை அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். நீதவான் கெட்டவர் அல்ல, அவசரக்காரர். குற்றவாளி ஒப்புக்கொண்டான் என்று எழுதித் தண்டம் போட்டுவிட்டார்.

வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, மரம் வெட்டப்பட்ட அன்று சின்னச்சாமி காய்ச்சலோடு தோட்டத்து ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார் என்பது. எனக்குக் கோபம் வந்தது. செய்யாததை ஏன் ஐயா ஒப்புக்கொண்டீர் என்று கேட்டேன். அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"அப்புடிச் சொன்னாத்தானேங்க பேர் போடுவாங்க?"

மேசையில் இரண்டு அடுக்கு

ஒரு வருஷக் கடைசியில் கொழும்பிலிருந்து ஒரு பெரிய மனிதர் வந்து டவுன் கூட்டத்தில் பேசினார். வெளியிலிருந்து வந்த கூலிகளால்தான் மலைநாட்டில் குற்றம் பெருகிவிட்டது என்றார். கை தட்டினார்கள். எங்கள் நீதவானுக்கு அது உண்மையா என்று பார்க்க ஆசை வந்துவிட்டது. முடிந்த வழக்குகளின் கோப்புகளை அவருடைய அறை மேசையில் இரண்டாக அடுக்கச் சொன்னார். இடது பக்கம் சுற்றுக் கிராமங்களின் ஊர்க்காரர், வலது பக்கம் தோட்டத்துக்காரர். நானும், பொலிஸ் தரப்பில் வழக்குப் பேசும் சார்ஜன் டிங்கிரிபண்டாவும் அடுக்கினோம். சார்ஜன் கொத்மலைப் பக்கத்துக் கிராமத்துக்காரர். கோர்ட்டில் எனக்கு வெற்றிலை நீட்டிய ஒரே ஆள் அவர்தான்.

ஒரே மரத்தடியில் ஒன்றாகக் கசிப்புக் குடித்து, ஒருவர் மண்டையை ஒருவர் உடைத்துக்கொண்ட ஊர்க்காரனும் தோட்டத்துக்காரனும் எங்களைக் கொஞ்ச நேரம் திணற வைத்தார்கள். அந்தக் கோப்பை நடுவில் வைத்தோம். கடைசியில் பார்த்தால் இடது பக்கம்தான் உயரம். நீதவானுக்குச் சந்தோஷம். பார்த்தீர்களா, தோட்டத்துச் சனம் அப்பாவிகள், அந்தப் பெரிய மனிதர் சொன்னது சுத்தப் பொய் என்றார்.

சார்ஜன் சிரித்தார். ஊரில் ஒருவன் பலாக்காய் அடுத்தவன் காணியில் விழுந்தாலும் இரண்டு பேரும் கோர்ட்டுக்கு வந்துவிடுவார்கள் என்றார். தோட்டத்தில் எவனாவது திருடினால் கங்காணி விசாரிப்பார், தொரை ஒப்பீஸ் வாசலில் தீர்ப்புச் சொல்லுவார், குடும்பத்தோடு சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டியதுதான், பொலிசுக்கே தெரியாது. நான் வலது பக்க அடுக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் சின்னச்சாமியின் கோப்பும் இருந்தது. அந்த மாதிரி இன்னும் எத்தனையோ. என் அபிப்பிராயத்தை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நீதவான், அப்படியானால் இந்தச் சனம் உண்மையில் திருடுகிறதா இல்லையா என்று சலித்துக்கொண்டார். சார்ஜன் தன்னுடைய தமிழில் என்னிடம் சொன்னார். நான் அதை நீதவானுக்கு மொழிபெயர்த்தேன்.

"ஊர் மனுசன் களவு எடுத்தா ஓடுறதுக்கு மாமா வீடு இருக்கு, மச்சான் வீடு இருக்கு. இந்தாளுக எங்க ஓடுறது மாத்தயா? திரும்பித் தொரைட லயத்துக்குத்தானே ஓடணும்?"

நோர்வூட் பஸ்ஸில் வந்தவர்

அதற்குப் பிறகு வலது பக்க அடுக்கு வளரத் தொடங்கியது. சனம் கெட்டுப்போகவில்லை. புதிதாக ஒரு குற்றம் வந்து சேர்ந்தது, அனுமதி இல்லாமல் இந்த நாட்டுக்குள் இருப்பது. கடலோரத்தில் தோணியில் வந்து இறங்கியவர்கள் இருந்தார்கள். இல்லையென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர்களைத் தேடி மலையேறி வந்தவர்களின் கையில், கடலையே பார்த்திராதவர்கள்தான் அகப்பட்டார்கள். திருட்டை யாரும் செய்யலாம், அடிதடியை யாரும் செய்யலாம். இந்த ஒரு குற்றத்தை மட்டும் ஊர்க்காரன் என்னதான் முயன்றாலும் செய்ய முடியாது. அடுக்கு எப்படி உயராமல் இருக்கும்?

அப்படித்தான் கருப்பையா அகப்பட்டார். வேலை தேடித் தோட்டம் தோட்டமாக அலைந்துகொண்டிருந்தவர். நோர்வூட்டிலிருந்து வந்த பஸ்ஸில் அவரை இறக்கி, காகிதம் கேட்டார்கள், இல்லை. வாக்குமூலம் எடுக்க என்னைப் பொலிஸ் நிலையத்துக்குக் கூப்பிட்டார்கள். பெயர் கேட்டேன். தாயின் பெயர் கேட்டேன். பொன்னாயி, கல்லுமலை, மேல்கணக்கு, அஞ்சாம் லயம் என்றார். என் கை நின்றுவிட்டது. பொன்னாயி அக்கா எங்கள் லயத்தில் பக்கத்து அறையில், பக்கத்துக் காம்பராவில் இருந்தவர். அவருக்கு வலி கண்டபோது மருத்துவச்சியைக் கூட்டிவர ஓடியவன் நான். அன்று பிறந்த பிள்ளைதான் இப்போது விலங்கோடு என் முன்னால் உட்கார்ந்திருந்தது. நான் மிஷன் பள்ளிக்கூடத்துப் போர்டிங்கில் சேர்ந்த பிறகு அவர்கள் தோட்டம் மாறிப் போய்விட்டார்கள், அதனால் அவருக்கு என்னைத் தெரியவில்லை. நான் எதையும் காட்டிக்கொள்ளாமல் அடுத்த கேள்வியைக் கேட்டேன். இந்த நாட்டுக்குள் எப்படி வந்தாய்? பக்கத்தில் நின்ற பொலிஸ்காரர்கள் சிரித்ததைப் பார்த்து அவரும் கொஞ்சம் சிரித்தார்.

"பஸ்லதாங்க வந்தேன். டிக்கட்டுகூட இருக்குங்க ஐயா."

கூண்டுக்குள் நான்

வழக்கு கூப்பிட்டார்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டால் தலைமன்னாரில் இந்தியாவுக்குக் கப்பலேற்றிவிடுவார்கள், போய் இறங்குகிற இடத்தில் அவருக்கு ஒரு முகம்கூடத் தெரியாது. இதை முன்கூட்டி அவரிடம் சொல்ல எனக்கு அனுமதி இல்லை; நான் வாய்தான். குற்றப்பத்திரத்தைத் தமிழில் சொன்னேன், எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாக. கருப்பையா துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்தார்.

"தப்புத்தாங்க தொரே."

நீதவான் பேனாவோடு காத்திருந்தார். சத்தியம் செய்த வேலை, மாற்றிச் சொல்ல முடியாது. சொன்னதை அப்படியே மொழிபெயர்த்தேன். பிறகு, இதற்கு மேல் நான் என் சொந்தப் பொறுப்பில் ஒன்று சொல்லலாமா என்று கேட்டேன். நீதவான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். உமக்குச் சொந்தமாகச் சொல்ல ஏதாவது இருந்தால் கூண்டில் ஏறிச் சத்தியம் பண்ணிச் சொல்லும் என்றார்.

ஏறினேன். கருப்பையாவுக்கும் கேட்க வேண்டும் என்று தமிழில் சொன்னேன். செல்லையா அன்று லீவு. அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் சொல்லிவிட்டு, நீதவான் பக்கம் திரும்பி நானே இங்கிலீஷில் சொன்னேன். இவர் பிறந்த அன்று நான் பக்கத்துக் காம்பராவில் இருந்தேன். மருத்துவச்சியை நான் கூட்டிவந்தேன். பிள்ளை அழுததை நான் கேட்டேன். பெரட்டில் எல்லாரும் தப்புத்தாங்க என்று சொல்லுவார்கள், என் அப்பாவும் சொல்லியிருக்கிறார், அது குற்றத்தை ஒப்புக்கொள்வது அல்ல, அன்றைய வேலையைக் கேட்பது. இத்தனை வருஷத்தில் அந்தக் கோர்ட்டில் நான் சொன்ன "நான்" முதல்முறையாக என்னைக் குறித்தது.

பிறகு சார்ஜன் டிங்கிரிபண்டா குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். இந்த வகை வழக்கில் சாட்சி சொல்ல வரும் தோட்டத்து ஆள் எல்லாரிடமும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அவர் என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்துக்கொண்டு கேட்டார், நீங்கள் எந்த நாட்டுப் பிரஜை என்று. எந்த நாட்டுக்கும் இல்லை என்று தமிழில் சொன்னேன். அதையும் நானே மொழிபெயர்த்தேன். எழுதிக்கொண்டார்கள்.

நீதவான் ஒப்புதலை நீக்கிவிட்டு, மருத்துவச்சியையும் தோட்டத்து ஆட்களையும் அழைத்து விசாரிக்கச் சொல்லி, கருப்பையாவைச் சொந்தப் பிணையில் விட்டார். பின்னால் வழக்கும் தள்ளுபடியாயிற்று. அன்று விறாந்தையில் நான் தனியாக நின்றுகொண்டிருந்தபோது கருப்பையா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் வந்தார். உள்ளே நடந்ததில் பாதி அவருக்குப் புரியவில்லை. எனக்கு ஏதோ கெட்டது நடந்திருக்கிறது என்பது மட்டும் புரிந்திருந்தது. துண்டு மறுபடியும் கக்கத்துக்குப் போனது.

"என்னால ஒங்களுக்குத் தொந்தரவாப் போச்சுங்களே. தப்புத்தாங்க ஐயா."

செல்லையா சொன்னது

அடுத்த வாரம் செல்லையா என்னை அவருடைய மேசைக்குக் கூப்பிட்டார். முதல்முறையாக உட்காரச் சொன்னார். பியோனிடம் தேத்தண்ணி கொண்டுவரச் சொன்னார். அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. பிரஜை அல்லாதவர் என்று கோர்ட்டுப் பதிவிலேயே ஏறிவிட்டது, இனி வைத்துக்கொள்ள வழியில்லை, நீதவானும் பேசிப் பார்த்தார் என்றார். அவருக்கு என்னோடு பேசிப் பழக்கமில்லை, அதனால் ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். நான் எழுந்து நின்றேன். விளக்கமாகச் சொல்ல என்னிடம் எவ்வளவோ இருந்தது. மூன்று பாஷை தெரிந்தவன். கையில் வைத்திருந்த தொப்பி எப்படிக் கக்கத்துக்குப் போனது என்று தெரியவில்லை. என் வாயிலிருந்து வந்தது, "தப்புத்தாங்க சேர்."

செல்லையா தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"நீர் ஏன் காணும் பிழை எண்டு சொல்லுறீர்? நீர் ஒண்டும் செய்யேல்லையே."

வந்தவர்கள் கூடுதலாகக் குற்றம் செய்கிறார்களா, ஊர்க்காரர்கள் கூடுதலாகச் செய்கிறார்களா என்று இன்றைக்கும் யாராவது விவாதம் பண்ணினால் நான் சொல்வது இதுதான்: செய்ததில் யார் கூடுதல் என்று எனக்குத் தெரியாது, ஒப்புக்கொண்டதில் நாங்கள்தான் கூடுதல்.